மூன்று மணிக்குக் கயிறு தளர்த்தியவன்

அவன் சிரிக்கும்போது முன்பல் இடைவெளி வழியாக ஒரு சின்ன சீறல் வரும். இத்தனை வருஷம் கழித்தும், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் மூச்சுப் பிடித்துச் சீறுமே, அந்தச் சீறலோடு அவன் என் சமையலறைக்குள் வந்துவிடுகிறான். அடுப்பை அணைத்துவிடுவேன். பருப்பு வேகாமல் கெடக்கும், கெடக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி. நாடு முழுக்க இருந்து சாரணர்களும் சாரணியரும் வந்து கூடாரம் அடித்துத் தங்கும் தேசியப் பெருமுகாம் அந்த வருஷம் கொடைக்கானலில் என்று முடிவானது. ஏற்பாடுகளுக்கு இந்தப் பக்கத்து இளம் தலைவர்கள் ஐந்து பேரைப் போட்டார்கள். நாலு ஆண்கள், நான் ஒருத்தி. எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன், பழனியில் ஒரு சாரணியர் படைக்குத் தலைவி. அவன்தான் குழுவுக்கு அமைப்பாளர். மலையிலேயே பிறந்தவன், மிஷன் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் அவன் வாயில் வெண்ணெய் மாதிரி உருகும். எங்கள் எல்லோரையும் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சிஸ்டரில் ஒரு துளி சர்க்கரையும் இருக்கும், ஒரு துளி விஷமும் இருக்கும்.

ஆறு வாரம் நான் அந்த மைதானத்தை நடந்தேன். வெள்ளனே பழனியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தியை விழுங்கி, ஊருக்கு வெளியே அந்தப் புல் சரிவில் இறங்கி, காலால் அளந்து, ஓடை எங்கே, காற்று எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று பழுப்புத் தாளில் வரைந்தேன். கிழக்குச் சரிவில், யூக்கலிப்டஸ் மரங்கள் காற்றை மறிக்கிற இடத்தில், பெண் பிள்ளைகளின் முகாம். அந்த இடத்தை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எங்கள் படையில் முக்கால்வாசிப் பேர் அதுவரை வீட்டுக்கு வெளியே ஒரு ராத்திரி தங்கினதில்லை. வானத்துக்குக் கீழே படுக்கப்போகிறோம் என்று அதையே பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

குழுக்கூட்டத்தில் அவன் என் தாளை விரித்து, தன் பேனாவால் என் சிவப்பு வட்டத்தை அடித்தான்.

“கேர்ள்ஸுக்கு ஸ்கூல் ஹால் போதும். இந்தக் குளிர் அவங்களுக்குத் தாங்காது. பகல்ல வந்து கிச்சன்ல ஹெல்ப் பண்ணட்டும்.”

“அவங்க கூடாரம் போட வர்றாங்க, கொழம்பு வைக்க இல்ல” என்றேன்.

“சிஸ்டர், உங்க அப்பா பந்தல் போடுறவர்னு தெரியும். கல்யாணத்துக்கு அந்த ஐடியா எல்லாம் ஓகே. இது நேஷனல் கேம்ப்.”

மற்ற மூவரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அந்தச் சீறலோடு.

ஆமாம், என் அப்பா பந்தல்காரர். பாதயாத்திரை வருகிறவர்களுக்கு வழியெல்லாம் பந்தல் போட்டு எங்களை வளர்த்தவர். வானம் இருட்டினால் எங்கள் வீட்டில் முதலில் கேட்கும் சத்தம் “கயிறை விடுங்கடா” என்பதுதான், தளர்த்திவிடச் சொல்லி. நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். சுருங்கினால் இழுக்கும். இழுத்தால் ஒன்று துணி கிழியும், இல்லை மண்ணில் அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வரும். பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்த விஷயம் இது, யாரும் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனுக்கு மலையின் மேகம் தெரியும், அது எத்தனை மணிக்கு இறங்கும் என்பதும் தெரியும். ஆனால் அது இறங்கும்போதெல்லாம் அவன் ஓட்டு வீட்டுக்குள் இருந்தான். கயிறு தெரியாது.

பெருமுகாமுக்கு ஒரு மாதம் முன்னால் மாநில ஆணையர் பார்வையிட வந்தார். அன்றைக்கு முன்னோட்டமாக முப்பது கூடாரங்களை வரிசையாக அடிக்கச் சொன்னான் அவன். என் சாரணியர் படைக்கு மைதானத்தின் ஓரத்தில் இரண்டு, டீக்கும் சாமானுக்கும். போட்டோவில் மடிப்பு விழக்கூடாதென்று தன் வரிசைக்குக் கயிறுகளை ஆள் வைத்து இழுக்கச் சொன்னான். “டைட். இன்னும் டைட்.” பன்னிரண்டு மணி வெயிலில் அந்த வரிசை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நின்றது. எனக்கே கண் கூசியது.

எங்கள் படையில் மலைமேல் வட்டக்கானலிலிருந்து பழனிக்குப் படிக்க வந்த ஒருத்தி, வாய் ஓயாதவள், என் காதருகே வந்தாள்.

“அக்கா, வீணை மாதிரில்ல இழுத்து வச்சிருக்காங்க. தட்டுனா சுதி பேசும்.”

“பேசட்டும்.”

“மூணு மணிக்கு மேகம் எறங்குமேக்கா.”

“எறங்கட்டும்.”

“சொல்லலையா அவருகிட்ட?”

“ஒனக்கு டீ ஆத்துற சோலி இருக்குல்ல, அதப் பாரு.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அடிப்பாவி அக்கா” என்று சொல்லிவிட்டு, அவளே போய் எங்கள் இரண்டு கூடாரத்துக்கும் கயிற்றைத் தளர்த்திவிட்டு வந்தாள். எங்கள் கூடாரங்கள் தொளதொளவென்று, குளித்துவிட்டுத் தலை துவட்டாத பிள்ளைகள் மாதிரி நின்றன. அவன் அதைக் காட்டி ஆணையரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது. முதலில் மரங்கள் போயின, பிறகு ஏரிப்பக்கம் போயிற்று, பிறகு பக்கத்தில் நிற்பவனின் முகம். சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் நனைத்தது. எல்லோரும் எங்கள் டீக்காக வரிசையில் நின்றார்கள். அந்த முப்பதுக்குள்ளும் யாரும் இல்லை என்பதை நான் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டேன். அது மட்டும் செய்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

நாலு மணி இருக்கும். ஒரு முளை மண்ணைவிட்டு வந்த சத்தம், ஈறிலிருந்து பல் வருகிற மாதிரி. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, ஒருவர் மேல் ஒருவர் மயங்கி விழுகிற மாதிரி, பத்து, இருபது, கடைசியில் முப்பதும். அவன் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி முளை அடித்தான். அடித்த முளை அவன் முதுகைத் திருப்பியதும் எழுந்துவந்தது. டீ அன்றைக்கு எனக்கு அவ்வளவு ருசித்தது.

ஆணையர் எங்கள் ஓரத்துக்கு வந்து நின்றார். “இது ரெண்டும் ஏன் நிக்குது?”

“கயிறை விட்டு வச்சிருந்தோம் சார். நனைஞ்சா சுருங்கும்.”

“அவங்களுக்குச் சொல்லலையா?”

“கேக்கலை சார்.”

அவர் மீசைக்குள் ஏதோ செய்துகொண்டார், சிரிப்பாக இருக்கலாம். கிளம்பும் முன் இரண்டு விஷயம் சொன்னார். பெண்கள் முகாம் கிழக்குச் சரிவில், கூடாரத்தில்தான். மைதானத்துக் கூடாரங்கள் மொத்தமும் என் பொறுப்பு. உதவிக்கு யார் வேண்டும் என்று கேட்டார். நான் விரலை நீட்டினேன்.

இப்படித்தான் அமைப்பாளர் என் கயிற்றுக்காரன் ஆனான். பெருமுகாம் தொடங்கியதும் தினமும் மூன்று மணிக்கு அவன் பெண்கள் முகாமைச் சுற்றிவந்து ஒவ்வொரு கயிறாகக் குனிந்து தளர்த்த வேண்டும், காலையில் வந்து இழுக்க வேண்டும். முதல் நாள் மேகமே இல்லை, வெயில் சுட்டது. “இன்னைக்கும் வேணுமா சிஸ்டர்?” என்றான். “வேணும்” என்றேன். அவன் குனிகிற ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை, பார்ப்பதற்கென்றே போனேன்.

மூன்றாம் நாள் கெட்டுப்போனது. பிள்ளைகள் அவனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். “கயிறு அண்ணன் வந்தாச்சு” என்று எங்கள் வட்டக்கானல்காரியே கத்துகிறாள். ஒரிசாப் பிள்ளைகள் அவனுக்குக் கடலை உருண்டை கொடுக்கிறார்கள். அவன் முழங்காலெல்லாம் சேறாக உட்கார்ந்து, முடிச்சு போடக் கற்றுக்கொடுத்து, அந்தப் பல் இடுக்கு வழியாக ஏதோ ராகம் விசிலடித்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தான். நான் கொடுத்த தண்டனையைத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டேன்.

“நாளைலருந்து நீங்க ஆபீஸ் டென்ட்ல இருங்க. கடுதாசி எல்லாம் ஃபைல் பண்ணணும்.”

“கயிறு?”

“நான் பாத்துக்குறேன்.”

“எதும் தப்பாப் பண்ணிட்டேனா சிஸ்டர்?”

“இல்ல.”

“கைக்குப் பழகிருச்சு. நானே போறேனே.”

“வேண்டாம்.”

முப்பது கூடாரம் விழுந்தபோதுகூட அவன் முகம் அப்படி ஆகவில்லை. நான் வேண்டியிருந்த முகம் அதுதான். கண்ணை எடுக்காமல் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நானே போனேன். ஈரக் கயிற்றில் விரல் மரத்தது. ஒரிசாச் சிறுமி ஒருத்தி அண்ணன் எங்கே என்று இந்தியில் கேட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் ஆபீஸ் என்றேன். அவள் கடலை உருண்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கடைசி வரிசையில் நிமிர்ந்தபோது கீழே ஆபீஸ் கூடார வாசலில் அவன் நிற்பது மேகத்துக்குள் மங்கலாகத் தெரிந்தது, நெஞ்சோடு ஒரு ஃபைல். கையைத் தூக்கி, நான் தாண்டிவந்த மூலைக் கூடாரத்தைக் காட்டினான். இன்னும் கொஞ்சம் விடணும் என்று விரலால் சைகை செய்தான். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கயிறு விறைத்துத்தான் இருந்தது.

பார்க்காத மாதிரி நடந்தேன். அவன் உள்ளே போகிற வரைக்கும் மரத்தடியில் நின்றிருந்துவிட்டு, திரும்பி வந்து, அதைத் தளர்த்தினேன்.