மூக்குக்கு முன்னால் ஒரு நண்டு

சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டு என் வலது கண் போய்விட்டது. அதனால் பெரிய குறை ஒன்றுமில்லை. தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஆனால் முப்பரிமாணம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை தியேட்டரில் கறுப்புக் கண்ணாடி கொடுத்துப் படம் காட்டினார்கள். எல்லோரும் ‘ஐயோ’ என்று குனிந்தார்கள். நான் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தேன்.

ஆகவே, கண்ணாடி போடாமலே முப்பரிமாணம் தெரியும் திரை ஒன்றைச் செய்திருப்பதாகவும், தான் படிக்கும் கம்பஸ் கண்காட்சிக்கு வந்து பார்க்கும்படியும் மகள் கூப்பிட்டபோது எப்படித் தப்புவது என்றுதான் முதலில் யோசித்தேன். அவள் ஊண் உறக்கமில்லாமல் பாடுபட்டுச் செய்தது. அதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அவளைப் பெற்றவனா? பார்த்ததாய்ச் சொல்லிவிடுவது என்று கம்பஸ் இருக்கிற திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துகொண்டேன்.

இருட்டாக்கிய அறையின் நடுவில், மேசைமேல் திரை. அதன்மீது வரிவரியான ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அந்த வரிகள்தான் ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு படத்தை அனுப்புகின்றனவாம். என்னைச் சற்றுத் தள்ளி, திரைக்கு நேரே நிறுத்திவிட்டு, அவள் சுவரோரம் போய் சுவிட்சைப் போட்டாள். ஒரு நண்டு தெரிந்தது.

“அப்பா, உது தெரியுதோ?”

“ஓம் பிள்ளை. அது நல்லாயிருக்கு.”

அவள் சிரித்தாள். “அதுவோ? மூக்குக்கு முன்னாலை நிக்கிறதை ஆரும் ‘அது’ எண்டு சொல்லுவினமோ?”

வசமாய் மாட்டிக்கொண்டேன். கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதை நாங்கள் ‘உது’ என்போம். அவளுக்கு அது ‘உது’ என்றால், நண்டு என்னருகே நிற்கிறது; நான் ‘இது’ என்றிருக்க வேண்டும். எனக்கோ அது எட்டத்தில், திரைக்குள் தட்டையாய்க் கிடந்தது.

“பொய் சொல்லாதேங்கோ. தலையை மெல்ல அங்காலை இங்காலை ஆட்டிப் பாருங்கோ.”

ஆட்டினேன். நண்டின் கொடுக்கு விலகி, அது மறைத்திருந்த கண் எட்டிப் பார்த்தது. மறுபக்கம் சாய்ந்தேன், ஓட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த கால்கள் வெளியே வந்தன. கொடுக்கு திரையை விட்டு வந்து, என் சட்டைப் பொத்தானைப் பிடிக்கப்போவதுபோல் நின்றது. கையை நீட்டினேன். வெறும் காற்று.

“பிள்ளை, இது வெளியிலை வந்து நிக்குது!” என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தலை நரைத்த பிறகு முதல்முறையாக ஒரு படத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கிறவன், யாருக்காகவும் நகரத் தயாராயில்லை.

“ஒற்றைக் கண்ணுக்கும் எப்பிடித் தெரியுது?” என்று ஆடிக்கொண்டே கேட்டேன்.

அவள் வந்து என் தோளைப் பிடித்தாள். “ஒவ்வொரு இடத்திலை நிண்டு பாக்கிறதுக்கும் ஒவ்வொரு படம் வைச்சிருக்கிறன், அப்பா. ரெண்டு கண் உள்ள ஆக்களுக்கு ரெண்டு படமே போதும். மிச்சமெல்லாம் உங்களுக்கு வைச்சது.”