இம்ப்ரெஷன் மேல் ஒரு ஸ்கேல்

முதலில் ஸ்கேலை வைப்பாள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் விரித்து, கடைசி நான்கு வரிகள் மறையும்படி அகலமான மர ஸ்கேலைக் குறுக்கே போட்டுவிட்டு, "உக்காந்துட்டீங்களா?" என்று கேட்பாள் ஹம்சவேணி. எதிரே இருப்பவர் நின்றால் ஒரு வார்த்தை படிக்க மாட்டாள். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருப்பாள். ஆள் உட்கார்ந்த பிறகு மேலிருந்து வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்வாள். கல்லீரல் இப்படி, பித்தப்பை அப்படி, சிறுநீரகம் இன்ன அளவு. எல்லாம் சொல்லி முடித்தபின்தான் ஸ்கேலை எடுப்பாள்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அவள் கடையின் போர்டில் ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம், கைரேகைப் பதிவு என்றுதான் எழுதியிருக்கிறது. ரிப்போர்ட் படிப்பது போர்டில் இல்லை. பேரையூர், எழுமலைப் பக்கத்துச் சனங்கள் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு, பஸ் மாற இங்கே இறங்கும்போது கவரோடு வந்து நிற்பார்கள். "டாக்டரம்மா பாப்போம் பாப்போம்னு மட்டுந்தான் சொல்லுது. நீ சொல்லு தாயி, என்னான்னு போட்ருக்கு?" என்பார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்ததற்குக் கிடைத்த பெரிய மரியாதை இதுதான் என்று சிரித்துக்கொள்வாள்.

நாற்பத்தேழு வயது. மதுரை மகால் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் சௌராஷ்டிர மொழி, கடையில் தமிழ், மனசுக்குள் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் குடித்தனம் நடத்துகிறாள். ஓர் ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் அது எந்த ஊரில் பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று பார்க்காமல் விடமாட்டாள். முன்பு தடித்த அகராதி, இப்போது போன். கணவர் ஹரிநாராயணன் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். வருகிறவர்களிடமெல்லாம், "சோறு வெந்துச்சான்னு கேட்டா, ரைஸுங்கிற வார்த்தை எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவா சார். அதுக்குள்ள சோறு கொழஞ்சுரும்" என்று சொல்லி அவளைச் சீண்டுவார்.

உள்ளதைச் சொன்னால், அது அறிவுப்பசி மட்டுமில்லை. ஹம்சவேணி சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. பயமுறுத்தும் சொல் எதுவானாலும் அதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும் என்று அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. முதல் நாள் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை மறுநாள் நர்ஸின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது மாதிரி.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் எப்போதும் ஒரு தலைப்பு இருக்கும்: இம்ப்ரெஷன். மேலே எழுதியதற்கெல்லாம் முடிவுரை அதுதான். வந்தவர்களுக்கு அதை விளக்குவதில் ஒரு காலத்தில் அவளுக்குத் தனி சந்தோஷம். லத்தீனில் 'உள்ளே அழுத்துவது' என்று பொருள் என்பாள். அரக்கில் முத்திரையை அழுத்தினால் விழும் பதிவு இம்ப்ரெஷன். அச்சு இயந்திரம் தாளில் ஒருமுறை அழுந்தினால் ஓர் இம்ப்ரெஷன். பல் டாக்டர் வாயில் மாவை வைத்துக் கடிக்கச் சொல்லி எடுப்பதும் அதுதான், பத்திரத்தில் வைக்கிற கைநாட்டும் அதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டு "நல்ல இம்ப்ரெஷன்" என்று சொல்லிப் போவதும் அதுவே. "படத்தப் பாத்தவரு மனசுல என்ன பதிஞ்சுச்சோ அத எழுதியிருக்காரு, அம்புட்டுதான்" என்று முடிப்பாள். கேட்கிறவர்கள் முகம் கொஞ்சம் தெளியும். சொன்னதில் பொய்யும் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் பேரையூர்ப் பக்கத்திலிருந்து பருத்தி விவசாயம் பார்க்கும் காளை என்ற சம்சாரி வந்தார். கூடவே மனைவி அன்னக்கொடி. வயிற்று ஸ்கேன். மேல் வரிகளைப் படித்துவிட்டு ஸ்கேலை எடுத்தவள் அடி வரிகளை இரண்டுமுறை படித்தாள். கீழே இருந்தது நல்ல செய்தி இல்லை. உடனே சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வேறு போட்டிருந்தது. காளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, சோலி முடிஞ்சிருச்சா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. இது இம்ப்ரெஷன். ஒருத்தரு மனசுல பட்டது. முடிவுன்னு அர்த்தம் இல்ல. பயப்பட ஒண்ணுமில்ல. டாக்டர்ட்ட ஒருதடவ காட்டிருங்க."

"பாத்தியா அன்னக்கொடி, முடிவு இல்லையாம்" என்று காளை மனைவியைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். அப்போது காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. எடுத்து முடித்துவிட்டுப் போகலாம் என்று கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தார். பருத்தி எடுத்து முடிய இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு டாக்டர் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க அன்னக்கொடி கடைக்கு வந்த அன்று ஹம்சவேணி பின்பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு யாருக்கும் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொல்வதில்லை. இருப்பதை இருக்கிறபடி படித்துவிட்டு, "இன்னைக்கே போங்க, நாளைக்கின்னு வைக்காதீங்க" என்று பஸ் ஏற்றி அனுப்புகிறாள்.

இத்தனை தெரிந்தவளின் மேசை டிராயரில் இப்போது ஒட்டிய கவர் ஒன்று கிடக்கிறது. மேலே அவள் பெயர். குளிக்கும்போது இடது மார்பில் கையில் தட்டுப்பட்ட ஒரு கட்டிக்காக, வீட்டுக்குச் சொல்லாமல் எடுத்த ஸ்கேன். டாக்டர் போன வாரம் செவ்வாய்க்கிழமையே ரிப்போர்ட்டோடு வரச் சொல்லியிருந்தார். இன்று இந்த வாரத்து வியாழன். 'ரம்யாஸ்ரீக்குப் பரீட்சை முடியட்டும்' என்று மகளைக் காரணம் காட்டித் தனக்குத் தானே தவணை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் 'லம்ப்' என்று சொன்ன அன்றைக்கே போனில் அந்தச் சொல்லைத் தேடினாள். எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் பையை இடது தோளில் மாட்டுவதில்லை. குளிக்கும்போது அந்தப் பக்கம் கை போவதில்லை. யாராவது டிராயர் பக்கம் சாய்ந்தால் முழங்காலால் அதை அழுத்தி மூடுகிறாள்.

மத்தியானம் அன்னக்கொடி வந்தாள். நிலம் இப்போது அவள் பெயரில் இருக்கிறது, விவசாயி அடையாள எண்ணுக்குக் கைரேகை பதிய வேண்டும். அன்னக்கொடி வந்தாலே ஹம்சவேணிக்கு உள்ளூர ஓர் உதறல் உண்டு. அன்று சொன்னதை இவள் மறந்திருப்பாளா, மனதில் வைத்திருக்கிறாளா என்று நான்கு வருடமாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அன்னக்கொடியின் பெருவிரலை மெஷின் ஏற்கவே இல்லை. பருத்தியும் களைக்கொத்தும் சேர்ந்து ரேகையைத் தேய்த்திருந்தன.

"நெத்தியில ஒருதடவ தேச்சு வைங்கக்கா. எண்ணெப்பசை பட்டா எடுக்கும்."

"எத்தன தடவ தேய்க்கிறது? நான் உசுரோட இருக்கேன்னு இந்தப் பொட்டி நம்ப மாட்டேங்குது" என்றாள் அன்னக்கொடி.

மெஷினைத் துடைத்துப் பார்க்கலாம் என்று துணிக்காக ஹம்சவேணி டிராயரை இழுத்தாள். கவர் மேலாகவே கிடந்தது. சட்டென்று மூடப்போனாள். அதற்குள் அன்னக்கொடியின் கண் அதில் விழுந்துவிட்டது. எழுத்துத் தெரியாது அவளுக்கு. ஆனால் அந்தக் கவர் தெரியும், அந்த மாதிரி ஒன்று அவள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு மாதம் இருந்தது.

"யாருக்கு தாயி இது?"

"அது... ஒரு கஸ்டமரோடதுக்கா. மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க."

அன்னக்கொடி கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு. ஊரான் கவருன்னா நீ இந்நேரம் பிரிச்சுப் படிச்சு அவுகளப் பஸ் ஏத்தி விட்டிருப்ப."

ஹம்சவேணி டிராயரை மூடினாள். ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்புட்டு நாளாச்சு?"

"பத்து நாளுக்கா."

"யாருக்குச் சொன்ன?"

"யாருக்கும் இல்ல."

அன்னக்கொடி கவரை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்குச் சொன்னியே, பயப்பட ஒண்ணுமில்லன்னு. அதையே ஒனக்கும் சொல்லிக்கிட்டியாக்கும்?"

நான்கு வருடமாக எந்த வார்த்தைக்குப் பயந்தாளோ அது வந்தேவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஹம்சவேணி வாயெடுத்தாள். வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அன்னக்கொடி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஸ்டூலைக் காலால் தள்ளி அவள் பக்கம் விட்டாள். ஹம்சவேணி உட்காரும்வரை கவரைத் தொடவில்லை. பிறகு ஓரத்தைக் கிழித்துத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். தலைகீழாக விரித்திருந்தாள். ஹம்சவேணியின் கை தானாகப் போய் அதை நேராகத் திருப்பியது. அன்னக்கொடி மர ஸ்கேலை எடுத்து அடி வரிகளின் மேல் குறுக்கே போட்டு, மெஷின் ஏற்காத அந்தப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்துட்டியா?" என்று கேட்டாள், எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"மேல இருந்து படி. எனக்குப் புரியலேன்னாலும் வாய்விட்டுப் படி."

ஹம்சவேணி படித்தாள். பெயர், வயது, தேதி. வலது பக்கம். பிறகு இடது பக்கம், கட்டி இருக்கும் இடம், அதன் அளவு. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள், முன்பின் தெரியாத யாருக்கோ சொல்வதுபோல. ஸ்கேலின் விளிம்பு வந்ததும் குரல் நின்றது. வெளியே பேரையூர் பஸ் ஹாரன் அடித்தது. அது அன்னக்கொடி போக வேண்டிய பஸ். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப எடுங்கக்கா" என்றாள் ஹம்சவேணி.

அன்னக்கொடி உடனே எடுக்கவில்லை. இடது கையை நீட்டி ஹம்சவேணியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஸ்கேலை எடுத்தாள்.