பூசையில் வாசித்த பெயர்

டென்மார்க்கில் எங்கள் எதிர்வீட்டார் யன்னலுக்குத் திரை போடுவதில்லை. வந்த புதிதில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. எழுபது வயது கடந்த இங்காவும் அவள் கணவரும் சனிக்கிழமை காலைகளில் கோப்பியோடு எதிரெதிரே இருந்து மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அப்படி என்னதான் கதைக்க இருக்கிறது என்று என் குசினியில் நின்று பார்ப்பேன். வயிறு எரியும். ஒருநாள் இங்கா என்னிடம், "தேலர் ஈ ஸம்மென்?" என்று கேட்டாள். நீங்கள் இருவரும் கதைப்பீர்களா என்று அர்த்தம். எங்கள் ஊரில் புருசனும் பெண்சாதியும் கதைப்பதில்லை என்றால் கோபம் என்றுதானே பொருள். "எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை" என்று அவசரமாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பருத்தித்துறை மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பா கண்ணை மூடி, மனதில் கிடப்பதையெல்லாம் வாய்விட்டுக் கடவுளிடம் சொல்வார். அவருடைய கவலைகளை நாங்கள் அறிந்தது அப்படித்தான். என் கணவர் அன்ரன் குருநகர்க் கத்தோலிக்கர். செபமாலை அவர் விரல்களுக்குள் ஓடும். ஒரு சொல் வெளியே கசியாது. காருக்குப் போடும் பனிக்கால ரயர், மகன்மாரின் பள்ளிக்கூடம் எல்லாம் கதைப்பார். தன்னைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டார். சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் கோயிலின் போலந்துச் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு முகம் வெளித்து வருவார். காருக்குள் காத்திருக்கும் எனக்கு, அந்தச் சுவாமியார்மேல்கூடப் பொறாமை வரும். எனக்குத் தெரியாத அன்ரனை அவர் அறிந்திருந்தாரே.

சுவாமியாராவது பரவாயில்லை. ரெஜினாவை என்னால் தாங்க முடியவில்லை. அன்ரனின் மாமன் மகள், குருநகரில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், கல்யாணம் செய்யவில்லை. இருவருக்கும் ஒருகாலத்தில் சம்பந்தம் பேசிப் பார்த்ததாகவும் கேள்வி. ஞாயிறு தவறாமல் அவளுக்கு அழைப்பார். நான் கிட்டப் போனால் குரல் தாழும்.

போன ஆவணியில் குருநகர் போயிருந்தோம். ஞாயிறு பூசையில் சுவாமியார், உறவினர் எழுதிக் கொடுத்திருந்த இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். நான் முழுசாகக் கவனிக்கவில்லை. திடீரென்று, "டென்மார்க் அன்ரனின் மகள் ஸ்ரெலா" என்றார். எங்களுக்கு இரண்டு மகன்மார் மட்டுமே. திரும்பிப் பார்த்தேன். இரண்டு வாங்கு தள்ளி இருந்த ரெஜினா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பூசையில் எதுவும் என் காதில் விழவில்லை.

கோயில் மதிலோரம் அன்ரனை மறித்தேன்.

"ஆர் அந்தப் பிள்ளை? ரெஜினாவுக்குப் பிறந்ததோ?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "எங்கடை பிள்ளையப்பா. எங்கடை முதல் பிள்ளை."

கல்யாணமாகி இரண்டாம் வருடம், டென்மார்க்கில், ஏழாம் மாதத்தில், உயிரில்லாமல் பிறந்த பெண்பிள்ளை.

"பேர் வைச்சனீங்களோ?"

"ஓம். புதைக்க முதல் வைச்சனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர்தானே ஆசுப்பத்திரியிலை சொன்னனீர், இனி இதைப்பற்றிக் கதைக்கக்கூடாது எண்டு."

"ரெஜினாவுக்குச் சொன்னியள்."

"ஆருக்கும் சொல்லாமல் இருக்க என்னாலை ஏலாமல் போச்சுது."

சொன்னேன்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி சொன்னேன். அவர் தனியே போய், ஒரு டேனிஷ் போதகரோடு நின்று அடக்கம் செய்துவிட்டு வந்தார். நான் இன்றுவரை அந்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக, ஒவ்வொரு விடியலிலும், அவர் பக்கத்தில் கிடக்க, அந்தப் பிள்ளையைப் பற்றிக் கடவுளிடம் மனதுக்குள் முறையிட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஒளித்தார் என்று எரிந்தவள், கடவுளுக்கு ஒளிக்காததை அவருக்கு ஒளித்திருந்தேன். பலிபீடத்தின் முன் எங்களை ஓருடல் என்று சொல்லித்தான் சேர்த்துவைத்தார்கள். ஒரு பாதி நொந்தது மற்றப் பாதிக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கடற்கரையில், வலைகள் காயும் இடத்தில் இருந்து, முதல்முறையாக அவளைப் பற்றிக் கதைத்தோம். அவளுக்கு நிறையத் தலைமயிர் இருந்தது என்றார். எனக்கு அதுவும் தெரியாது. அவர் அழுதார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன், நானும் அழுதேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். என் மகளைப் பெயர் சொல்லி நினைத்து அழும் பாக்கியம் இத்தனை வருடம் இன்னொருத்திக்குக் கிடைத்ததே. ரெஜினாவிடம் போய், "இனிப் பிள்ளையின்ரை பேரை நீங்கள் குடுக்கவேண்டாம், நான் குடுக்கிறன்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

"ஓமக்கா, உங்கடை பிள்ளைதானே" என்றாள். அவள் முகம் வாடியதைக் கண்டேன். கண்டும், சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போனோம். கோயில் அலுவல்களைப் பார்க்கும் சங்கிலித்தாம் கொப்பியை விரித்து, தாய் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதினார்.

"பிள்ளை எவ்விடம்?" என்றார்.

"டென்மார்க்" என்றார் அன்ரன்.

"குருநகர்" என்றேன் நான், அதே நேரத்தில். அவளைப் பெயரோடு நான் அறிந்தது இங்கேதானே.

சங்கிலித்தாம் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.