மூடியைத் திறந்தால் ஓடும் வண்டி

என் மோட்டார் சைக்கிளுக்குக் கன்னிவாடி பிடிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அதைக் குறை சொல்ல முடியாது. அங்கே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக எனக்கும் பல நாள் பிடிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். வீடு திண்டுக்கல்லில். தினமும் போய்வர, எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பே வாங்கிய ஒரு பழைய வண்டி.

காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஊரைத் தாண்டும்வரை மாப்பிள்ளை மாதிரி போகும். பாதி வழியில் ஒரு முருங்கைத் தோட்டம் வரும். அதை நெருங்கும்போது எஞ்சின் விக்க ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் குறைந்துகொண்டே வந்து, தோட்டத்து வேலியோரமாகப் போய் நின்றுவிடும். வண்டி நின்றால் எந்த மனிதனும் செய்வதைத்தான் நானும் செய்வேன். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பேன். பெட்ரோல் தளும்பத் தளும்ப இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

பின்னால் உட்கார்ந்து வருபவர் எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். அவருடைய எடையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வண்டிதான் பேசியிருக்க வேண்டும். முதல் நாளே அவர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏர் லாக் சார், உள்ள காத்து அடைச்சிருக்கு. நகருங்க, ஆட்டி விடுறேன்."

வண்டியின் ஹேண்டில்பாரையும் சீட்டையும் பிடித்துப் புளியமரம் உலுக்குவதுபோல் உலுக்கினார். நான் மூடியைத் திறந்து பார்த்து மூடிய பிறகுதான் உலுக்கினார். ஆனாலும் வண்டி கிளம்பிய பெருமை முழுவதும் அவருக்குப் போனது. ஆசிரியர் அறையில் "நான் மட்டும் இல்லேன்னா சாரு இன்னேரம் முருங்கக்காய்தான் பறிச்சிக்கிட்டிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வரும் இரண்டு பேரைத் தலைமையாசிரியை எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை பேகம்பூர்ப் பக்கம் இருக்கும் என் மெக்கானிக் பாயிடம் விட்டேன். பாய் அதிகம் பேசமாட்டார். வண்டிகளோடு மட்டும் பேசுவார். முதல் வாரம் கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பகுதி அது. அதிலிருந்த நுண்ணிய துளைகளையெல்லாம் காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினார். தாடிக்கொம்புவரை ஓட்டிப் பார்த்துவிட்டு "பஞ்சு மாதிரி போகுது சார்" என்றார். மறுநாள் டேங்கை நிரப்பிக்கொண்டு கன்னிவாடிக்குக் கிளம்பினேன். முருங்கைத் தோட்டத்துக்கு முன்னாலேயே நின்றது.

இரண்டாம் வாரம் பெட்ரோல் டியூபையும் குழாயையும் மாற்றினார். மூன்றாம் வாரம் டேங்கையே கழற்றி, உள்ளே ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்து, வெயிலில் காயவைத்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றித் தாடிக்கொம்பு போய்வந்தார். அவருக்கு நிற்கவே இல்லை. எனக்கு நிற்காமல் இருந்ததே இல்லை. கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் விட்டார். எஞ்சின் வெகுநேரம் சளைக்காமல் ஓடியது.

"கார்புரேட்டர் மேல குத்தம் இல்ல சார். டேங்குதான் பெட்ரோல விட மாட்டேங்குது."

"ஏன் பாய்?"

"அதத்தான் அதுகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

வீட்டில் என் மனைவி இன்னொரு பக்கம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தவள், அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொட்டைப் புதுப்பித்து வந்தாள். வண்டிக்கு நெற்றி எது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. டேங்க் மேலே வட்டமாக, பளபளவென்று இருந்த மூடிதான். வண்டி நின்று நின்று போகிறது என்று தெரிந்ததும் பொட்டு பெரிதானது. ஜல்லி போட்டுக் குலுக்கிய வாரத்தில் சாவித் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு மூடி முழுக்கச் சந்தனமும் நடுவில் குங்குமமுமாக இருந்தது. திறக்கும்போது கலைந்துவிடக் கூடாதென்று நான் ஓரத்தைப் பிடித்துத் திறக்கப் பழகியிருந்தேன்.

நான்காவது முறை போனபோது பாய் கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு, "நானே கூட வாரேன் சார். எங்க நிக்குதோ அங்கயே பாத்துருவோம்" என்றார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. உடற்பயிற்சி ஆசிரியரைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, டேங்கை நிரப்பி, பாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் காதைக் கூர்மையாக்கி வந்தார். வண்டி ஏமாற்றவில்லை. சரியாக விக்கி, சரியாக நின்றது. வழக்கம்போல் மூடிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"கை வைக்காதீங்க சார். செத்த நேரம் பொறுங்க."

பாய் குனிந்து, கார்புரேட்டரில் இருந்து டியூபை உருவினார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்து, அதுவும் நின்றுபோனது. டியூபைக் கையில் பிடித்துக்கொண்டே, "இப்ப தொறங்க" என்றார்.

திறந்தேன். மூடி புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. அதே நொடியில் டியூபிலிருந்து பெட்ரோல் பீறிட்டு அவர் பேண்ட்டை நனைத்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. குழாயை அடைத்துவிட்டு எழுந்து, என் கையிலிருந்த மூடியையே பார்த்தார்.

"இதுல ஊசி மொன மாதிரி ஒரு ஓட்டை இருக்கணும் சார். பெட்ரோல் எறங்க எறங்க, அது வழியா காத்து உள்ள போகணும். காத்து போகலைன்னா பெட்ரோல் எறங்காது. டேங்க் நெறஞ்சிருந்தா சீக்கிரமே மூச்சு முட்டிப்போகும்."

அந்த வாரம் திங்கட்கிழமைதான் நான் ஒன்பதாம் வகுப்பில் ஒரு எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டு, எண்ணெய் ஒழுங்காக வராததைக் காட்டி, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் வருவதைக் காட்டி, காற்றழுத்தம் பற்றி நாற்பது நிமிடம் முழங்கியிருந்தேன். நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்பது பாய்க்குத் தெரியும். தெரியாதவர்போல் தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்தார்.

"பாய், இந்த வண்டிய நீங்க மூணு தடவை முழுக்கக் கழுவியிருக்கீங்க."

"மூடிய மட்டும் தொடல சார். வீட்ல பக்தியா வச்சிருக்காங்க, நம்ம கை பட்டா தப்பாயிருமேன்னு சுத்தி சுத்தித் துடைச்சேன். நீங்களாச்சும் தொடச்சிருக்கலாம்ல."

"நான் தொட்டா வீட்ல சோறு கிடையாது."

இப்போது ஓட்டை சந்தனத்தால் அடைபட்டிருப்பது இருவருக்கும் தெரியும். எடுக்கத்தான் இருவருக்கும் தைரியம் இல்லை. அவர் பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்காமல் அவரைப் பார்த்தேன். "சாமி உங்க சாமி சார்" என்றார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், நடு ரோட்டில் ஒரு மூடியை ஏந்திக்கொண்டு நிற்கும் எங்களை வெகுநேரம் வேடிக்கை பார்த்தார். கடைசியில் நான்தான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குங்குமத்துக்குப் பக்கத்தில் குத்தினேன். பல வாரத்துச் சந்தனம், அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது.

அதன் பிறகு கன்னிவாடிவரை வண்டி விக்கவே இல்லை. பாயை பஸ் ஏற்றிவிட்டுப் பள்ளிக்குள் நுழைந்தபோது இன்னும் மணி அடிக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் வந்த என்னைத் தலைமையாசிரியை சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, காலை வணக்கக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அன்றிலிருந்து எனக்கே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அப்ப நான் வச்ச பொட்டாலதான் வண்டி நின்னுச்சுன்றீங்க."

"பொட்டால இல்ல. பொட்டு இருந்த எடத்தால."

"நின்னு நின்னு போனதாலதான் இம்புட்டு நாளா எங்கயும் போய் மோதாம வீடு வந்து சேந்தீங்க. அத நெனச்சுப் பாத்தீங்களா?"

நினைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் என்னை வண்டியை பாய் கடைக்கு விடச் சொன்னாள். கையில் சந்தனக் கிண்ணம். கடையில் என்னை யாரும் பொருட்படுத்தவில்லை. பாயும் அவளும் வண்டியைச் சுற்றி வந்தார்கள்.

"பாய், எங்க வச்சா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டு, டேங்க் மூடிக்கு இதுவரை கொடுக்காத கவனத்தோடு ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். ஹெட்லைட் கண்ணாடி கூடாது, வெளிச்சம் குறையும். மீட்டர் கூடாது, முள் தெரியாது. "ஹாரன் மேல வைக்கலாம்மா. கொஞ்சம் சத்தம் கம்மியாகும், அம்புட்டுதான்."

"ஆகட்டும்" என்றாள். "இவரு ரொம்பத்தான் அடிக்கிறாரு."