மோரைக் குளிரவைத்த சாமி

போன வாரம் மருமகள் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். மண்ணால் செய்த ஃப்ரிட்ஜாம். கரண்ட் வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும், பால் திரியாது, காய் வாடாது, பூமிக்கும் நல்லதாம். "எப்படியெல்லாம் கண்டுபிடிக்கிறாங்க பாருங்கத்தே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, "இதுல சிரிக்க என்னா இருக்குது?" என்று கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சாப்பிட்டாயிற்றுதானே?

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்பா சூளை வேலை பார்த்தார். நான் இன்னொரு இடத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் பொம்மைக்கு மை தீட்டிய கை, சாயங்காலம் என் கண்ணுக்கும் அப்படியே தீட்டிவிடும். அந்தக் காலத்துப் போட்டோக்களில் எல்லாம் நான் எதையோ பார்த்து அரண்டு போனவள் மாதிரிதான் இருப்பேன்.

சூளையில் கோணிப்போனது, விரிசல் விட்டது, எதையும் அப்பா குப்பைக்குப் போக விடமாட்டார். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "கோணலா இருந்தா என்னா? கொள்ளுதா இல்லியா?" என்பார். கரண்ட் கம்பத்தில் மாட்டும் பீங்கான் குமிழ்களில்தான் எங்கள் துணிக்கொடி ஓடியது. மூளிக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி அலமாரியின் கால்களை அதில் நிறுத்தியிருந்தோம், எறும்பு ஏறாது. பாத்திரம் துலக்கச் சாம்பலும் பீர்க்கங்காய் நாரும். பீர்க்கங்கொடி படர்ந்திருந்ததும் உடைந்த பீங்கான் குழாயில்தான். பொம்மைகூட எனக்கு ஒற்றைக் கண் பெரிதாகிப் போனதுதான் கிடைத்தது. அதற்கு அப்படிக் கண் எழுதியது நான்தான் என்பது வேறு விஷயம்.

இதனால் எனக்கு ஒரு கேடு வந்தது. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, "ஒடஞ்ச சாமான் வூடு" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்ததாகப் பெண்ணாடத்திலிருந்து, சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் பையன் வீட்டார் வருவதாக இருந்தது. போட்டோவில் அவருக்குத் தலைமுடி அணில் வால் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு என்னமோ அந்த முடியைப் பிடித்துப் போயிற்று. இவரும் கைநழுவிவிடக் கூடாது என்று ராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அம்மா என்னைவிடப் பயந்திருந்தாள்.

இப்போது அந்த ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். அதற்கு முந்தைய கோடையில் அப்பா ஒரு கக்கூஸ் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தைச் சுளிக்காதீர்கள், புத்தம் புதுசு. பளபளப்புப் பூச்சு பூசாமலே சூளையில் வெந்து, ஓரத்தில் விரிசலும் விட்டது. பூச்சு இல்லாத பீங்கான், மண்பானை போலத் தண்ணீரை உறிஞ்சும். கூடத்து ஜன்னலடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, ஓட்டையைத் தேங்காய் நாரால் அடைத்து, மணிமுத்தாற்று மணலைக் கொட்டி நனைத்தார். அதில் பால் சொம்பைப் புதைத்து வைத்தால், கத்திரி வெயிலிலும் சாயங்காலம்வரை திரியாது. தெருவே ஆச்சரியப்பட்டது. அம்மா மட்டும், "அதுல வச்ச பால நான் குடிக்க மாட்டேன்" என்று கொஞ்ச நாள் வீம்பு பண்ணினாள். பிறகு வெயில் ஏறியது, வீம்பு இறங்கியது.

பெண் பார்க்கும் நாளும் நல்ல கோடையில் வந்து வாய்த்தது. வருகிறவர்களுக்குச் சில்லென்று மோர் கொடுக்க வேண்டும், ஆனால் பேசின் கண்ணில் படக் கூடாது. அம்மா மோர்ப்பானையை மணலில் புதைத்தாள். எனக்கு வைக்க வேண்டிய மல்லிகைச் சரம் வாடாமலிருக்க அதையும் மேலே சுற்றி வைத்தாள். சர்பத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழங்களை வரிசையாக அடுக்கினாள். ஈ வராமலிருக்க வேப்பிலைக் கொத்து செருகினாள். எல்லாவற்றையும் சுற்றி மறைக்க வீட்டில் இருந்த ஒரே சுத்தமான துணி, மஞ்சள் துணி. அதை நனைத்துக் கட்டினாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்களுக்கு அது ஃப்ரிட்ஜ்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் பின்பக்கம் போகக் கூடத்தைக் கடந்தவர், ஜன்னலடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"உங்க வூட்டு சாமிங்களா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார். "ஆமாங்க" என்றாள் அம்மா. அது எங்கிருந்து வந்த குரல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கைகூப்பிக் கண்ணை மூடி ஏதோ வேண்டினார். அதோடு விட்டிருக்கலாம். "டேய், இங்க வாடா. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாமிய கும்புட்டுக்க" என்று மகனைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை வந்து குனிந்தார். துணி ஒரு பக்கம் எட்டவில்லை. கால் வைக்க வரிவரியாகக் கோடு போட்டிருக்குமே, அந்த இடம் துருத்திக்கொண்டு தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, தம்ளர் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். என் பொம்மைக் கண்கள் அன்று எவ்வளவு பெரிதாயின என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் மானம் பெண்ணாடம் வரை பஸ் ஏறிவிடும்.

அவர் தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கவும் இல்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சாமின்னா உருகிப்போயிடுவான் எம்புள்ள" என்றார் அவர் அம்மா, கண் கலங்க.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை அவரைத் தனியாகக் கூப்பிட்டாராம். "மாமா, உங்க வூட்டு சாமி ரொம்ப குளுமையா இருக்குது. எங்க வூட்டுக்கும் ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டாராம்.

அம்மா, "மாமான்னா சொன்னாரு? நல்லா காதுல உழுந்துதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள்.

மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டில் ஏதாவது வழக்கு வந்தால், "உங்க ஆத்தா வூட்டு சாமி மேல சத்தியமா சொல்லு" என்பார். நானும் தாராளமாகச் சத்தியம் செய்வேன். என் வீட்டுக்காரர் உடனே துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். அந்தத் துண்டை நினைத்தாலே எனக்குச் சண்டையெல்லாம் மறந்துவிடும்.

அப்பா போனார். வீட்டை விற்றோம். பேசின் எங்கே போனதென்று தெரியவில்லை. மணிமுத்தாற்றில் மணலும் முன்போல இல்லை என்கிறார்கள். மாமியாரும் போய்ச் சேர்ந்தார், எங்கள் சாமி மேல் நம்பிக்கை குறையாமலே.

நேற்று அந்த மண் ஃப்ரிட்ஜ் வந்திறங்கியது. பரவாயில்லை, நன்றாகத்தான் குளிர்கிறது. மருமகள் வேலைக்குப் போனதும் ஒரு மஞ்சள் துண்டை நனைத்து அதைச் சுற்றிக் கட்டினேன். மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தேன். வைத்துவிட்டு, "ஏங்க, இங்க பாருங்களேன்" என்று அவர் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். போன தையோடு அவர் போய் வருஷம் ஒன்றாகிவிட்டது என்பது, கூப்பிட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.