என்னை யாரும் கிள்ளவில்லை

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழியின் இடது கையில், முழங்கைக்கு மேலே, எப்போதும் இரண்டு மூன்று சிவந்த தடங்கள் இருக்கும். அவள் அம்மா கிள்ளியவை. அந்த அம்மா வேறொரு பள்ளியில் ஆசிரியை. மகளுக்குக் கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் இரண்டு கிள்ளு. எந்தப் படியில் தவறு செய்தாள் என்று சொன்ன பிறகுதான் சாப்பாடு.

"நீ கொடுத்து வெச்சவடி. உங்கூட்டுல ஒரு கேள்வி கிடையாது," என்பாள் தோழி, கையைத் தேய்த்துக்கொண்டே.

நான் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமையில் வயிறு எரியும்.

ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்க விசைத்தறி. பின்பாதியில் நாங்கள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதே இல்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்கு நிறையவே கர்வம் உண்டு. ஆறாம் வகுப்பில் முதல்முறை ரேங்க் கார்டை நீட்டியபோது அப்பா தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுல என்ன இருக்குதுன்னு எனக்கென்ன தெரியும்? நீயே போட்டுக்க சாமி. உனக்குத் தெரியாததா?"

கைநாட்டு வைத்த கார்டை வகுப்பில் நீட்ட எனக்கும் வெட்கம்தான். அன்றிலிருந்து பெற்றோர் கையொப்பம் போடும் இடத்தில் அப்பாவின் பெயரை நானே அழகாக எழுதிவந்தேன். முதல் மூன்று ரேங்குக்குள்தான் எப்போதும் வருவேன். வந்தாயா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் நோட்டு வாங்கத் தோழி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என் நோட்டையும் பிடுங்கிப் பார்த்தார்.

"இது ஒண்ணா, ஏழா? திருத்தறவங்க ஜோசியமா பார்ப்பாங்க?" என்று நடுமண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வீடு வந்தேன். தினமும் இது கிடைக்கிறவள் என்னைக் கொடுத்து வைத்தவள் என்கிறாள்!

அந்தக் காலாண்டுத் தேர்வில், தெரிந்த கணக்குகளையே எழுதாமல் விட்டேன். இருபத்தெட்டு மதிப்பெண், சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். இந்த முறை நானே கையெழுத்துப் போடாமல் கார்டை அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

நெய்த துணியை வாங்குகிற இடத்தில், பழுதான பகுதியைச் சாக்கட்டியால் வட்டம் போட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, வட்டம் நன்றாகத் தெரியும்.

"டேமேஜா சாமி?"

"ஆமாங்கப்பா."

காத்திருந்தேன். கன்னத்தைக்கூடக் கொஞ்சம் காட்டியிருப்பேன்.

அப்பா தறியை நிறுத்தினார். துணியில் பழுது வந்தால் அவர் துணியைத் திட்டமாட்டார். தறியில் எங்கே கோளாறு என்று தேடுவார். அதையேதான் செய்தார். "இந்தச் சத்தத்துல புள்ள எப்படிப் படிக்கும்?" என்றார் அம்மாவிடம்.

அரையாண்டுத் தேர்வு முடியும்வரை, நான் புத்தகத்தைத் திறந்தால் தறி நின்றது. அம்மா கரண்டிச் சத்தம் கேட்காமல் சமைத்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கியவள் நான்; அந்த அமைதியில் ஒரு வரி ஏறவில்லை. தோழியின் தடங்கள் இரண்டு நாளில் மறைந்துவிடும். இது இரண்டு மாதம் என் தலைமேல் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படித்து, முதல் ரேங்க் வாங்கித்தான் தறியை மறுபடி ஓட வைத்தேன். தறியை நிறுத்தினால் பிள்ளை படிக்கும் என்ற தன் கண்டுபிடிப்பை அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டார்.

இப்போது எனக்கு அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன வாரம் தோழி போனில் புலம்பினாள்: "இன்னமும் எங்கம்மா தெனமும் ஆபீஸ்ல என்ன பண்ணுனேன்னு கேட்டு உசுர வாங்கறாங்கடி." பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள் நேராகத் தறியருகே நின்றேன்.

"அப்பா, ஒம்பதாவதுல அந்த வட்டம்... நான் வேணும்னேதானுங்கப்பா எழுதாம உட்டேன்."

"எனத்துக்கு?"

"நீங்க திட்டுவீங்கன்னு."

தறி நின்றது.

"அறிவிருக்குதா உனக்கு? ரெண்டு மாசம் தறிய நிறுத்திப் போட்டு உன்ற மூஞ்சியவே பார்த்துட்டு உக்காந்திருந்தனே! படிச்ச கழுதை!"

உள்ளிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஏனுங்க, படிச்ச புள்ளையப் போயி இப்படி வையறீங்க?"

"நீ சும்மா இரு. அவளே கேட்டு வாங்கறா." என் பக்கம் திரும்பினார். "எத்தனை கணக்கு உட்ட?"

"பதினாலுங்கப்பா."

"என்னென்ன?"

சொன்னேன். பத்துக் கணக்குகள் நினைவில் இருந்தன. அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். பத்து விரல்களும் மடங்கியதும் என்னை முறைத்தார்.

"மீதி நாலு?"