அம்சவல்லியின் வலது கை

1979இல் ஒரு காலை, மலைத்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்சவல்லி கூடையோடு சாய்ந்தாள். வயது நாற்பத்திரண்டு. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் வந்து பார்த்தார். "குளிர் காத்து அடிச்சிருச்சு, படுத்தா சரியாயிரும்" என்று இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பேச்சும் குழறிய பிறகுதான் கணவன் இருளப்பன் ஒரு காய்கறி லோரியை நிறுத்தி, அவளைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பக்கவாதம் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை அசைந்தது, உணர்ச்சிதான் இல்லை. டம்ளரைப் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரித் தாதி ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் சாக்கு, பிரஷ், துணி, வெதுவெதுப்பான கரண்டி என ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். எது என்று அவள் சொல்ல வேண்டும். தவறினால், அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க, அதையே மறுபடி தேய்க்க வேண்டும்.

"கை மறந்துபோனதை நாமதாம்மா திரும்பச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார் தாதி.

இருளப்பன் தினமும் வேலை முடிந்து வந்து தேய்த்தான். அவள் என்ன சொன்னாலும் சரி என்றான். அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் "சாக்கு" என்றாள். "சரி" என்றான். சட்டென்று கண்ணைத் திறந்தாள். அவன் கையில் இருந்தது பழைய சேலைத் துண்டு.

"நீ அழுவியேன்னுதான் வல்லி..."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன்! அந்த டிரெசரும் சரியாயிரும்னுதான் சொன்னான். நீங்களும் பொய் சொன்னா இந்தக் கை எப்படிங்க கத்துக்கும்?" இடது கையால் கரண்டியைச் சுவரில் வீசியடித்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு வேலம்மாவிடம் போனாள். பைப்படிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

"உனக்குத்தான் என்னைப் பிடிக்காதே. நீ வந்து தேய். தப்புன்னா தப்புன்னு சொல்லுவ லா."

வேலம்மா முறைத்தாள். பிறகு, "சாக்கு எங்க?" என்றாள்.

அன்று பதினான்கு தடவையில் பதினொன்று தப்பு. ஒவ்வொன்றையும் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி வேலம்மா கத்திச் சொன்னாள். அம்சவல்லி திட்டினாள். வேலம்மா பதிலுக்குத் திட்டினாள். ஆனால் மறுநாளும் வந்தாள். அப்படியே எட்டு மாதம். முதலில் சூடு தெரிந்தது. பிறகு சாக்கின் சொரசொரப்பு. துணி கடைசியாகத்தான் வந்தது.

கொழுந்து கிள்ளும் வேகம் திரும்பவில்லை. நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை கேட்டாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இழுத்தடித்தார். ஒரு வாரம் ஆபீஸ் வாசலிலேயே நின்று அதை வாங்கினாள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தே இருந்தன. "மூணு விரலாச்சும் வந்துச்சே" என்று யாராவது ஆறுதல் சொன்னால் போதும்.

"நான் அஞ்சு விரலோட பொறந்தவ!" என்று சீறுவாள்.